மெயின் சுவிச் மறைச்ச மெமரி லீக்: மூண்டு ஊர்ப் புரோகிராமர்மாரின்ர கதை

கிளிநொச்சி:
பரந்தன் பக்கம் ஒரு நெல்லு மில்லுக்கு, தராசு, ஈரப்பதன் சென்சர்களை ராஸ்பெரி பை எண்ட சின்னக் கம்ப்யூட்டரில சேர்க்கிற புரோகிராம் சி மொழியில எழுதிக் குடுத்தனான். இணைப்பு ஒவ்வொண்டுக்கும் ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள்ள தனியா ஓடுற வேலை). ஏறத்தாழ மூண்டு நிமிஷத்துக்கு ஒரு இணைப்பு வரும். ஏழு மாசம் ஒரு குறையும் இல்லை. பிறகு முதலாளி இன்வேட்டர் பூட்டினார். அடுத்தநாள் விடியவே போன்: "தம்பி, உம்மட பெட்டி செத்துப்போச்சு."

அதுவரைக்கும் இரவில மில் பூட்டேக்க மெயின் சுவிச்சையும் நிப்பாட்டுவினமாம். காலமை பெட்டி புதுசா எழும்பும். இன்வேட்டர் வந்தாப்பிறகு இரவிலயும் நிக்காம ஓடியிருக்கு. என்ர பிழையை, அதாவது எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் குடுக்காத மெமரி லீக்கை, ஒவ்வொரு இரவும் அந்தச் சுவிச்தான் கழுவி விட்டிருக்கு!

த்ரெட்டுகளை நான் ஜொயினும் (முடியுமட்டும் காத்திருந்து பொறுப்பெடுக்கிறது) பண்ணேல்லை, டிட்டாச்சும் (முடிஞ்சதும் தானாத் துப்புரவாக விடுறது) பண்ணேல்லை. அப்படி விட்டா, வேலை முடிஞ்ச த்ரெட்டின்ர ஸ்டாக்கை (அதுக்கெண்டு ஒதுக்கின நினைவகத்தை) லினக்ஸின்ர சி லைப்ரரியான ஜிலிப்சி திருப்பி விடாது. ஒண்டுக்கு 8 எம்பி முகவரி இடம், ராமை உண்மையா எடுக்காட்டிலும் ஒதுக்கி வைக்கிறது. 32 பிட் சிஸ்டத்தில அது மொத்தமே 4 ஜிபி, அதால 500 ஆகமுதலே புது த்ரெட் எழும்பாது. டொப் கட்டளையில ரெஸ் (உண்மையாப் பாவிக்கிற ராம்) அசையவே இல்லை, விர்ட் (ஒதுக்கின முகவரி இடம்) மட்டும் ஏறிக்கொண்டு நிண்டது.

வெக்கம் என்னெண்டா, லப்டொப்பில வால்கிரைண்ட் (மெமரி பிழை தேடுற கருவி) முதலே சொன்னதுதான். 'டெஃபினிட்லி லொஸ்ட்' (நிச்சயமாத் தொலைஞ்சது) சைபர் எண்டு சந்தோசப்பட்டன்; கீழ 'பொசிப்ளி லொஸ்ட்' (தொலைஞ்சிருக்கலாம்) வரியில, த்ரெட் உண்டாக்கிற 'பிதிரெட் கிரியேட்' எண்டு கிடந்ததை வாசிக்கேல்லை. இப்ப பொய்ச் சென்சர் ஒண்டால 1000 தரம் இணைச்சு, 500 இலும் 1000 இலும் அளவை ஒப்பிட்டுப் பாத்துத்தான் குடுக்கிறன்.

மாங்குளம்:
எனக்கு மறுவளம். வால்கிரைண்டில ஒண்டுமில்லை, ஓடேக்க ஒழுகுது. அது ஒரு நேரத்தில ஒரு த்ரெட்டைத்தான் ஓடவிடும், 20, 30 மடங்கு மெதுவா. என்ர பிழையோ ரெண்டு த்ரெட் ஒரே நேரம் ஒரு பொயின்ரர் (நினைவக இடத்தைக் காட்டுற மாறி) 'நல்', அதாவது வெறுமை எண்டு பாத்து, ரெண்டும் மலொக் பண்ணி (நினைவகம் கேட்டெடுத்து), ஒண்டு மற்றது எழுதின பொயின்ரரை அழிக்கிறது. அட்ரஸ் சனிடைசர் எண்ட இன்னொரு கருவி பிடிச்சுத் தந்தது, வேகமும் ஏறத்தாழ பாதிதான் குறைஞ்சது. ஆனா லீக் அறிக்கை புரோகிராம் ஒழுங்கா முடிஞ்சாத்தான் வரும். நான் கில் மைனஸ் 9 (புரோகிராமை அந்த இடத்திலயே கொல்லுற கட்டளை) அடிச்சு அடிச்சு நாலு நாளை வீணாக்கினன்.

வவுனியா:
ஏறுறதெல்லாம் லீக் இல்லை, தம்பியவை. ஜிலிப்சி 64 பிட்டில சிபியு கோர் ஒண்டுக்கு 8 அரீனா (மலொக் நினைவகம் எடுத்துக் குடுக்கிற தொகுதி) வரை திறக்கும். 'மலொக் அரீனா மக்ஸ்' எண்ட செட்டிங்கை 2 ஆக்கிப் பாருங்கோ. ஏற்றம் நிண்டா புரோகிராமைக் கிண்ட வேண்டாம். நான் ஒரு கிழமை கிண்டினனான்.

கிளிநொச்சி:
நன்றி அண்ணை. நான் ஒரு வரி டிட்டாச்சோட முடிச்சிட்டன். முதலாளி மட்டும் இப்பவும் இரவில இன்வேட்டரையும் சேர்த்து நிப்பாட்டிப்போட்டுத்தான் போறார். பெட்டியில நம்பிக்கை இல்லையாம்.