பக்கத்து வீட்டில் துப்பாக்கி பற்றிக் கேட்ட நாள்

பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். மான் வேட்டைப் பருவம் தொடங்கும்போது இங்கே பள்ளிக்கூடமே லீவு, கடைக்குப் போனால் பாதிப் பேர் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு அங்கியில்தான் நிற்பார்கள். வந்த புதிதில் எனக்குப் பயமாக இருந்தது. நம் ஊரில் பேங்க் வாசலில் காவல்காரர் கையில் துப்பாக்கியைப் பார்த்ததோடு சரி.

2022 மே மாதம் டெக்ஸாஸில் யுவால்டே பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். அடுத்த வாரமே என் மகள், பக்கத்து வீட்டுப் பேத்தியோடு விளையாடப் போகணும் என்றாள். அந்த வீட்டுப் பெரியவர் சின்ன வயதிலிருந்தே வேட்டைக்குப் போகிறவர், பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிட்டுப் போகிற நல்ல மனுஷர். அவரிடம் போய் 'துப்பாக்கியைப் பூட்டி வைத்திருக்கிறீர்களா' என்று எப்படிக் கேட்பது? இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய் இரும்புப் பெட்டியைக் காட்டினார். உள்ளே ஆறு துப்பாக்கிகள். தோட்டாக்கள் வேறு அலமாரியில், அதற்குத் தனிப் பூட்டு. "கேட்காமல் பிள்ளையை அனுப்புகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை" என்றார்.

அப்புறம் காபியோடு இரண்டு மணி நேரம் பேசினோம். ராணுவத் துப்பாக்கி மாதிரியான ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்யணும் என்றேன், அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் வாங்குகிறவரின் பின்னணியைச் சோதிப்பதில் என்னைவிடக் கறாராக இருந்தார். இந்த மாநிலத்தில் கைத்துப்பாக்கியைத் தெரிந்தவருக்கு விற்றாலும் கடைக்காரர் அல்லது ஷெரீஃப் (மாவட்டக் காவல் அதிகாரி) மூலமாகத்தான் போகணும், வேட்டைத் துப்பாக்கிக்கு அது வேண்டியதில்லை, அந்த ஓட்டையையும் அடைக்கணும் என்கிறார். சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 2013-இல் இந்த மாநிலத்துக் குடியரசுக் கட்சி செனட்டர் டூமியும் ஜனநாயகக் கட்சியின் மான்ச்சினும் சேர்ந்து கொண்டுவந்த பின்னணிச் சோதனைத் திருத்தத்துக்கு 54 வாக்குதான் கிடைத்தது, 60 தேவைப்பட்டது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் தெரிந்தது. யுவால்டேக்கு அடுத்த மாதம், 2022 ஜூனில், இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து ஒரு சட்டத்தை நிறைவேற்றி, 21 வயதுக்குக் குறைந்தவர்கள் வாங்கினால் சிறுவயதுக் குற்றப் பதிவுகளையும் பார்க்கணும் என்று ஆக்கியபோது இரண்டு பேருக்குமே கொஞ்சம் ஆறுதல்.

என்னை மாற்றியது அவர் சொன்ன இன்னொரு விஷயம். மனைவி இறந்த வருஷம் அவரே பெட்டிச் சாவியை நண்பரிடம் கொடுத்துவிட்டாராம். "அந்தக் குளிர்காலத்தில் என்னை நானே நம்பவில்லை" என்றார். அமெரிக்காவில் துப்பாக்கியால் போகிற உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்று படித்திருக்கிறேன், ஆனால் எதிரில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக் கேட்பது வேறு. நண்பர் ஏன் எதற்கு என்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டு, வேனில் வந்ததும் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இந்த ஊரில் வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் இப்படிச் செய்துகொள்வது உண்டாம். எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது மகள் எந்த வீட்டுக்குப் போவதானாலும் முதலில் கேட்டுவிடுகிறேன். ஒரே ஒரு வீட்டில்தான் முகம் சுளித்தார்கள். அந்தப் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு விளையாட வரச் சொன்னோம், வாராவாரம் வருகிறான்.