வியூ உள்ள அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா? தங்கியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் குடும்பத்தோடு கடற்கரை ரிசார்ட் ஒன்றில் தங்கப்போகிறோம். தோட்டம் பார்த்த அறை, கடல் பார்த்த அறை என்று இரண்டு வகை இருக்கிறது. அளவு, கட்டில், குளியலறை எல்லாம் ஒன்றுதான், ஆனால் கடல் பார்த்த அறைக்கு வாடகை கணிசமாக அதிகம். "தூங்கத்தானே அறை, கடலைப் பார்க்கக் கரைக்குப் போனால் போச்சு" என்கிறார் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்களோடு மூன்று வயதுப் பையனும் மாமியாரும் வருகிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி, மணலில் நடக்க முடியாது. இரண்டு வகை அறையிலும் தங்கிப் பார்த்தவர்கள் நடந்ததை நடந்தபடியே சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

* * *

சகோதரி, மாமியாரையும் பையனையும் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். வெளிச்சம் இருக்கும் நேரத்தில், விழித்திருக்கும்போது, அறையில் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள்? யார் இருப்பார்கள்? நான் அறை பதிவு செய்யும்போது முதலில் போடும் கணக்கு இதுதான்.

நண்பர்களோடு போனால் தோட்ட அறைதான் எடுப்பேன். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவோம். வந்ததும் குளியல், அப்புறம் தூக்கம். ஜன்னல் திரையை யாரும் விலக்கக்கூட மாட்டார்கள். அப்படிப்பட்ட பயணத்தில் வியூவுக்குக் கொடுக்கும் பணம் படகுச் சவாரிக்கு ஆகட்டும் என்பதுதான் என் கட்சி.

அம்மாவைக் கூட்டிப் போனபோது கதையே வேறு. முழங்கால் மாற்று அறுவை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கைத்தடி ஊன்றி லிப்ட் வரைக்கும் நடப்பார், அவ்வளவுதான். கடல் பார்த்த அறையாக எடுத்தோம். நாங்கள் எழும் முன்பே பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கரைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பாறை. அது எப்போது தண்ணீருக்குள் போகிறது, எப்போது தலை காட்டுகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தார். மறுநாளே எங்களுக்கு உத்தரவு வர ஆரம்பித்துவிட்டது: "பாறை பாதி மூழ்கிடுச்சு, பிள்ளைகளைக் கூட்டிட்டு மேலே வாங்க." அதற்கும் அடுத்த நாள், "நேத்து மூழ்கின நேரத்துக்கு இன்னிக்கு மூழ்கலே, முக்கால் மணி நேரம் பிந்தித்தான் மூழ்குச்சு" என்றார். பெரும்பாலான கடற்கரைகளில் ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது, நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளித்தான் வரும். நிலவு நகர்வதால் வரும் வித்தியாசம் அது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், நாற்காலியை விட்டு எழாமல், அம்மா அதைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அந்தப் பயணத்தில் எங்கள் எல்லோரையும்விடக் கடலை அதிகம் பார்த்தவர் அவர்தான். தோட்ட அறை எடுத்திருந்தால் நான்கு சுவரையும் டிவியையும் பார்த்துக்கொண்டு, நாங்கள் எப்போது வருவோம் என்று காத்திருந்திருப்பார்.

ஜன்னலுக்கு வெளியே தெரிவது உடம்புக்கும் நல்லது செய்யலாம் என்பதற்குப் பெயர்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. ரோஜர் உல்ரிச் 1984-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளைப் பார்த்திருக்கிறார். பாதிப் பேரின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, மற்றவர்களின் ஜன்னலில் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வுதான். ரிசார்ட்டில் வாடகை கொடுத்துத் தங்குபவர்களைப் பற்றியதும் அல்ல. ஆனால் எழுந்து நடமாட முடியாதவருக்கு ஜன்னல் எவ்வளவு முக்கியம் என்பது அம்மாவைப் பார்த்த எனக்கு நன்றாகவே புரிகிறது.

உங்கள் வீட்டில் பையன் மதியம் தூங்குவான், ஒருவர் அவனோடு அறையில் இருந்தே ஆகவேண்டும். மாமியாரோ பெரும்பாலும் அறையில்தான். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கடல் அறையையே எடுங்கள்.

* * *

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் மலைப் பகுதி என்றால் அதோடு வானிலையையும் சேர்க்க வேண்டும். பள்ளத்தாக்கு பார்த்த அறைக்குக் கூடுதலாகக் கொடுத்துத் தங்கினோம். மழைக்காலம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் திரை கட்டியது போல மேகம், கிளம்பும் வரை விலகவே இல்லை. பின்பக்க அறையில் இருந்தவர்களும் அதே வெள்ளையைத்தான் பார்த்தார்கள், குறைந்த வாடகைக்கு.

நல்ல சீசனிலும் மலையில் காலை நேரம்தான் நம்பகமானது. வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று சூடாகி மேலெழும், அதிலுள்ள ஈரம் குளிர்ந்து சிகரத்தைச் சுற்றி மேகமாகத் திரளும். மதியத்துக்குள் பல சிகரங்கள் மறைந்துவிடும். காலையில் தாமதமாக எழும் குடும்பமாக இருந்தால் மலை வியூவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பேன்.

திசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். விடியலில் சிகரம் பொன்னிறமாவதைப் பார்க்க ஆசை என்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அதாவது, மேற்கே உள்ள சிகரத்தைப் பார்த்த அறை. கிழக்கே உள்ள சிகரம் அந்த நேரத்தில் கரிய நிழலாகத்தான் தெரியும்.

* * *

ரிசார்ட் வரவேற்பறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வியூ தொடர்பாக வரும் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்கும். 'பீச் ஃபிரண்ட்' என்றால் அறைக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றும் இருக்காது என்று எதிர்பார்க்கலாம். 'சீ வியூ' அப்படி அல்ல. நடுவில் நீச்சல் குளமோ சாலையோ இன்னொரு கட்டடத்தின் கூரையோ இருக்கலாம். 'பார்ஷியல் சீ வியூ' என்றால் பால்கனியின் ஒரு மூலையில் நின்று கழுத்தைத் திருப்பினால் நீலமாக ஒரு கீற்று தெரியும். மூன்றுக்கும் மூன்று வாடகை. ஆனால் விளம்பரப் படத்தில் பெரும்பாலும் முதல் வகையைத்தான் போடுவார்கள். அதனால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, தங்கியவர்கள் தாங்களே எடுத்துப் போட்ட படங்களைத் தேடிப் பாருங்கள். செயற்கைக்கோள் வரைபடத்தில் கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, எதிரே என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரே வகைக்குள்ளும் நல்ல அறை, சுமாரான அறை உண்டு. எந்த விருந்தினருக்கு எந்த அறை என்று நாங்கள் முதல் நாள் இரவோ அன்று காலையோதான் பிரிப்போம். எனவே வருவதற்கு முந்தைய நாள் போன் செய்து, வயதானவர் வருகிறார், பால்கனியில் உட்காருவார், அதற்குத் தோதான அறையாகக் கொடுங்கள் என்று காரணத்தோடு கேளுங்கள். காரணம் சொல்லிக் கேட்பவருக்கு நான் முடிந்த அளவு பார்த்துக் கொடுத்திருக்கிறேன். இரவு கடைசியாக வருபவருக்கு மிச்சம் இருப்பதுதான். அப்புறம், 'ரன் ஆஃப் ஹவுஸ்' என்று போட்டு மலிவாகக் கிடைத்தால் அதற்கு எந்த வியூவும் உத்தரவாதம் இல்லை. எந்த அறை காலியோ அது.

எல்லோரும் மேல்மாடிதான் கேட்பார்கள். கண் மட்டம் கடலிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் ஏறத்தாழ 6 கிலோமீட்டரில், 30 மீட்டரில் இருந்தால் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டரில். தூரத்துக் கப்பல்களைப் பார்க்க மேல்மாடி நல்லதுதான். அலைச் சத்தமும் நுரையும் வேண்டும் என்றால் முதல் மாடி, இரண்டாம் மாடியே சுகம். தரைத்தள அறையிலிருந்து நேராக மணலில் இறங்கலாம், உண்மைதான். ஆனால் கடற்கரையில் நடப்பவர்கள் எல்லோரும் உள்ளே பார்ப்பார்கள். அதனால் பலர் நாள் முழுவதும் திரையை மூடியே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய கடல் திரைக்கு வெளியேதான் இருக்கும்.

* * *

ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பால்கனியின் தடுப்பு எதனால் ஆனது என்று கேளுங்கள். நாங்கள் தங்கிய இடத்தில் நெஞ்சளவுக்கு சிமென்ட் சுவர். நின்றால் அருமையான கடல். நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே வெள்ளையடித்த சுவர், அதற்கு மேல் கொஞ்சம் வானம். என் மாமனார் பாவம், இரண்டு தலையணையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார். அப்படியும் சுவர் விளிம்பு வரைக்கும்தான் கண் எட்டியது. நிர்வாகத்திடம் கேட்டதற்கு எல்லா அறையும் இப்படித்தான் என்றார்கள். கம்பியோ கண்ணாடியோ வைத்த தடுப்பாக இருந்தால்தான் உட்கார்ந்தபடி பார்க்க முடியும். கம்பி என்றால் சின்னப் பையன் இருக்கும் வீட்டில் இடைவெளி எவ்வளவு, கதவில் மேல்தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் கேட்டே ஆகவேண்டும். நாற்காலியைத் தடுப்புக்குப் பக்கத்தில் போடவே போடாதீர்கள், பையன் ஏறிவிடுவான்.

மேற்கு பார்த்த அறை என்றால் மாலையில் சூரியன் மறைவது அழகு. ஆனால் மதியம் இரண்டு மணியிலிருந்து கண்ணாடி வழியாக வெயில் நேரே உள்ளே இறங்கும். பையன் தூங்கும் நேரமும் அதுதான். கனமான திரை இல்லாவிட்டால் ஏசி போட்டும் புழுக்கம் போகாது.

* * *

எல்லோருக்கும் மிக்க நன்றி. உடனே போன் செய்து கேட்டேன். தடுப்பு கண்ணாடியாம், கட்டடம் கிழக்கு பார்த்தது, கதவில் மேல்தாழ்ப்பாளும் உண்டு. எல்லா இரவுக்கும் கடல் அறை என்றால் பட்ஜெட் கொஞ்சம் இடிக்கிறது. பாதி நாள் இது, பாதி நாள் அது என்று யாராவது தங்கியிருக்கிறீர்களா?

* * *

நாங்கள் தங்கியிருக்கிறோம். முதலில் தோட்ட அறை, பிறகு கடல் அறை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எந்த அழகும் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். கடல் அறையில் முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டோம், அப்புறம் போகப்போக போனைப் பார்த்தபடியே பால்கனியைக் கடந்து போனோம். கடைசி இரவுகளுக்கு வைத்துக்கொண்டால் அலுக்கும் முன்பே ஊர் திரும்பிவிடலாம். ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் பின்னால் நம் நினைவைத் தீர்மானிக்கின்றன என்று உளவியலாளர் டேனியல் கானமன் ஆய்ந்து சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இன்றும் அந்த ரிசார்ட் என்றால் கடல் அறையைப் பற்றித்தான் பேசுவார்கள். தோட்ட அறை யாருக்கும் நினைவே இல்லை.

சிரமமும் உண்டு. மாறும் நாளில் காலையில் பெட்டி கட்டி அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த அறை தயாராக மதியத்துக்கு மேல் ஆகலாம். உங்கள் மாமியாருக்கு அந்த இடைவெளியில் எங்கே உட்காருவது என்பது பெரிய பிரச்சினை. பழைய அறையிலேயே இருக்க விட்டு, புதியது தயாரானதும் பெட்டிகளைப் பணியாளர்களே மாற்றித் தருவார்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். எங்களுக்குச் செய்து கொடுத்தார்கள். முடியாது என்று சொன்னால், தங்கும் நாளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது முழுவதும் கடல் அறையிலேயே இருங்கள்.