ஒரே பிடிஎஃப்பில் நெடுக்கும் குறுக்கும்: உங்களுக்கு எப்படி அமைந்தது?

எச்டிஎம்எல்லிலிருந்து பிடிஎஃப் எடுக்கும் வேலையில் இருப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். பக்கம் பக்கமாக எழுத்து, நடுவில் தாளுக்குள் அடங்காத ஓர் அட்டவணை. எனக்கு வாய்த்தது ஒரு கல்லூரித் துறையின் ஆண்டறிக்கை. மதிப்பெண் பட்டியலில் 16 பத்திகள் (நெடுவரிசைகள்). ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், இருபக்க ஓரமும் போனால் 170. பத்திக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். ‘அகமதிப்பீடு’ என்ற தலைப்பு மூன்று துண்டாக மடிந்து, கடைசி ‘டு’ மட்டும் தனியாகத் தொங்கியது. எழுத்தைக் குறைத்தால் அடங்கும், ஆனால் யார் படிப்பது? அந்தப் பட்டியலை மட்டும் குறுக்கே போடுங்கள் என்றார்கள்.

அப்போது கையில் இருந்தது எச்டிஎம்எல்லைப் பிடிஎஃப்பாக மாற்றும் டபிள்யூகே-எச்டிஎம்எல்-டூ-பிடிஎஃப் என்ற கருவி. அதில் லேண்ட்ஸ்கேப் (குறுக்குவாட்டம்) என்றால் முழு ஆவணமும் லேண்ட்ஸ்கேப்தான். சரி என்று மூன்று கோப்பாக எடுத்து, க்யூபிடிஎஃப் என்ற கருவி கொண்டு ஒட்டினோம். ஒட்டுவதில் சிரமமே இல்லை. பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கமும் தன் அளவைத் தானே வைத்துக்கொண்டிருக்கும்: ஒன்று 595க்கு 842 புள்ளி (பாயின்ட் என்ற அச்சு அளவு), அடுத்தது 842க்கு 595. தொல்லையெல்லாம் பக்க எண்ணில்தான். ஒவ்வொரு துண்டும் 1இல் தொடங்கும். எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று நாமே கொடுக்கலாம், ஆனால் முன்னுரையில் யாராவது நாலு வரி சேர்த்து ஒரு பக்கம் கூடினால் எல்லாக் கணக்கும் மறுபடி. அந்த டபிள்யூகே கருவியின் மூலநிரல் களஞ்சியத்தையும் 2023இல் மூடி வைத்துவிட்டார்கள். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

மறுமொழி 1

நீங்கள் கருவியிடம் கேட்டீர்கள், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல்ஷீட்டிடம் கேட்டிருக்க வேண்டும். அதை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் பக்கத்துக்குப் பெயர் வைக்கலாம். ‘அகலம்’ என்று ஒரு பக்க வகையை எழுதி, அதன் அளவு ஏ4 லேண்ட்ஸ்கேப் என்று சொல்லிவிட்டு, அட்டவணையைச் சுற்றியுள்ள டிவ்வுக்கு (எச்டிஎம்எல் பெட்டிக்கு) ‘பேஜ்’ பண்பாக அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும். பெயர் மாறும் இடத்தில் பக்கம் தானாக உடையும். அட்டவணை முடிந்ததும் அடுத்த பகுதி பழைய போர்ட்ரெய்ட்டுக்கு (நெடுக்குவாட்டத்துக்கு)த் தானே திரும்பிவிடும். எல்லாம் ஒரே ஓட்டம் என்பதால் பக்க எண்ணும் அறுபடாது.

குரோமில் இந்தப் பெயரிட்ட பக்கங்கள் 2020இல் வந்த 85ஆம் பதிப்பிலிருந்தும், ஃபயர்ஃபாக்ஸில் 2023இன் 110ஆம் பதிப்பிலிருந்தும் உண்டு. வீஸிபிரின்ட், பிரின்ஸ் என்ற பிடிஎஃப் கருவிகள் இரண்டும் இதை நன்றாகவே செய்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் வரையும் வரைபடம் எதுவும் இல்லையென்றால் எங்கள் தேர்வு வீஸிபிரின்ட்தான். குரோமை நிரல் மூலம் இயக்கும் பப்பெட்டியர் வழியாக எடுப்பவர்கள், சிஎஸ்எஸ் சொல்லும் தாள் அளவுக்கே முதலிடம் என்ற விருப்பத்தைத் தாங்களே இயக்க வேண்டும். இயல்பாக அது அணைந்திருக்கும். எங்கள் குழுவில் புதிதாக வந்த ஒரு தம்பி சிஎஸ்எஸ்ஸைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தான். சிஎஸ்எஸ்ஸில் ஒரு குறையும் இல்லை, இந்த விருப்பம்தான் அணைந்து கிடந்தது.

இன்னொன்று, அந்த டிவ் ஒரு ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் (உள்ளே இருப்பவற்றை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் அமைப்பு) இருந்தால் பெயரைக் கண்டுகொள்ளாது. அந்தப் பெட்டிக்கு வெளியே எடுத்து, சாதாரண ஓட்டத்தில் வையுங்கள்.

மறுமொழி 2

நாங்கள் பிஎச்பி நிரல்மொழி ஆட்கள், அதனால் அதில் எழுதிய எம்பிடிஎஃப் என்ற கருவி. அங்கே பக்க உடைப்புக் குறிச்சொல்லிலேயே லேண்ட்ஸ்கேப் என்று போடலாம். ஆனால் அட்டவணை முடிந்ததும் போர்ட்ரெய்ட் என்று நாமே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மிச்ச ஆவணம் முழுக்கப் படுத்தே கிடக்கும். இதில் சிஎஸ்எஸ் வழி எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் எம்பிடிஎஃப்பை விடாததற்குக் காரணம் தமிழ். முன்பு டாம்பிடிஎஃப் என்ற இன்னொரு கருவியில் எடுத்தபோது ‘கொ’வில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. எம்பிடிஎஃப்பில் எழுத்துருவின் கூட்டெழுத்து விதிகளைப் பின்பற்றும் ஓப்பன்டைப் அமைப்பை இயக்கினால் எழுத்து ஒழுங்காகக் கூடுகிறது.

மறுமொழி 3

நான் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் திரையோடு நின்றுவிட்டீர்கள், தாளுக்கு வாருங்கள்.

ஆய்வேடு கொண்டுவரும் பிள்ளைகளின் பிடிஎஃப் திரையில் பளிச்சென்று இருக்கும். குறுக்குப் பக்கம் அச்சாகும்போது பிரின்டர் அதைத் தாளுக்கேற்பத் திருப்பும். ஒருபக்கம் மட்டும் அச்சிடும் ஆய்வேட்டில் அட்டவணையின் தலை தையல் பக்கம் வர வேண்டும். அப்போதுதான் புத்தகத்தை வலப்புறம் ஒரு திருப்பு திருப்பிப் படிக்க முடியும். இப்போது ஓரத்தைக் கவனியுங்கள். மற்றப் பக்கங்களில் தையலுக்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டிருப்பார்கள். குறுக்குப் பக்கத்திலும் அதே இடப்பக்கம்தான் ஒன்றரை இருக்கும். தைக்கும் விளிம்போ அங்கே மேல்பக்கம்! ஊசி அட்டவணைத் தலைப்பின் மேலேயே இறங்கும். நீங்கள் சொல்லும் அந்தப் பெயர் வைத்த பக்கத்துக்குத் தனி ஓரம் கொடுக்க முடியுமென்றால் மேலே ஒன்றரை அங்குலம் கொடுத்துவிடுங்கள்.

இருபக்க அச்சு என்றால் நீள விளிம்பில் புரட்டு, குட்டை விளிம்பில் புரட்டு என்று பிரின்டரில் இரண்டு உண்டு. கலந்த கோப்பை மொத்தமாக அடிக்கும் முன் குறுக்குப் பக்கமும் அதன் முதுகுப் பக்கமும் வரும் ஒரு தாளை மட்டும் அடித்துப் பாருங்கள்.

தொடங்கியவர்

அண்ணா, தனி ஓரம் கொடுக்கலாம், பெயருக்குப் பெயர் வேறு வேறு ஓரம் வைத்துக்கொள்ளலாம். அதைவிட, ‘பேஜ்-ஓரியன்டேஷன்’ என்று ஒரு பண்பும் இருக்கிறது. பக்கத்தை அடுக்கி முடித்த பிறகு இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ திருப்பிவிடும். பிரின்டர் தன் இஷ்டத்துக்குத் திருப்புவதற்கு முன் நாமே திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆண்டறிக்கையைப் பெயரிட்ட பக்கத்துக்கு மாற்றிவிட்டேன், ஒட்டு வேலை ஒழிந்தது. அட்டவணை மூன்று பக்கம் ஓடினாலும் தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறது. அப்புறம், சர்வரில் கிடக்கும் குரோம் எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். எங்களுடையதைப் புதுப்பித்த பிறகுதான் அட்டவணையின் வலது பாதி வெட்டுப்படாமல் வந்தது.