சிங்கப்பூரில் தெம்பனீசுக்கும் ஜூரோங்குக்கும் தனி நீதிமன்றம் வந்தால் செலவு என்ன?

தெம்பனீஸ்காரன்: குளியலறை டைல்ஸ் போட்ட ஆளோடு தகராறு, சின்னத் தொகைத் தகராறுகளைத் தீர்க்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் போகணும். அதற்கு அரசு நீதிமன்றங்கள் இருக்கும் ஹேவ்லாக் ஸ்குவேர் வரை ஏன்? பேட்டைக்கு ஒன்று கட்டினால் என்ன, அப்படி என்ன பெரிய செலவு?

பழைய கிளார்க்: தம்பி, கட்டடம் ஒருமுறைச் செலவு. அப்புறம்தான் ஆண்டுதோறும் வரும் செலவு இருக்கு: நீதிபதி, பதிவகம், மொழிபெயர்ப்பாளர், பாதுகாவலர். தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒரே இடத்தில் வைத்தால் பல வழக்கு பார்ப்பார், நாலு இடத்தில் வைத்தால் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருப்பார். நீங்கள் தனிநபர், 5,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) கோரிக்கை என்றால் கட்டுவது வெறும் 10 வெள்ளி. மிச்சம் வரிப்பணம்தான்.

மீனா: புது மன்றம் என்றாலே புதுக் கட்டடம் இல்லையே. அக்கம்பக்கத்துச் சண்டைக்கான நடுவர் மன்றம் 2015லேயே வந்தது, வேலையிடக் கோரிக்கைக்கு 2017ல், இரண்டும் அரசு நீதிமன்றங்களுக்குள்ளேயே நடக்குது.

தெம்பனீஸ்காரன்: சரி, என் பணத்தை மட்டும் கணக்குப் போட்டிருக்கேன். ஆனால் அரைநாள் லீவு போகுதே, அது யார் கணக்கு?

பழைய கிளார்க்: மனு ஆன்லைனிலேயே போடலாம், சமரசப் பேச்சும் ஆன்லைனில் உண்டு. வக்கீல் வேண்டாம், அனுமதியும் இல்லை. டைல்ஸ் போட்டோவை எடுத்து வையுங்க.