விதை நிதிக்கு அலைந்தவர்கள் வாருங்கள்: சோலார், காற்றாலை, பயோகேஸ் அனுபவங்கள்

முருங்கைக்காரன்:
மூன்று வருடமாகிறது, இன்னும் உறுத்துகிறது. புதுத் தொழில் தொடங்குபவர்களுக்கு மத்திய அரசு தரும் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் என் சூரிய உலர்த்திக்கு மானியம் கிடைத்தது. அதிகபட்சம் 20 லட்சம், அதுவும் தவணை தவணையாகத்தான் வரும், தெரிந்ததுதானே. முதல் தவணையில் பிரேம், தட்டு எல்லாம் எங்கள் ஊர் வெல்டரிடம் செய்தேன். இரண்டாம் தவணைக்குக் கணக்கு காட்டப் போனால், அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் இன்குபேட்டர் மையத்தில் இருந்த மேடம் வெல்டரின் பில்லை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியது. திருப்பிப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்: "செவ்வாய், ராகு காலம் 3 முதல் 4.30. அந்த நேரத்திலயா சார் வெல்டிங் பண்ணீங்க?" அறையே சிரித்தது. பணம் வர ஏழு மாதமானது.

ஆடிட்டர் தம்பி:
அண்ணா, சிரித்தது தப்புதான். ஆனால் ஒழுங்கான பில் வாங்காதது உங்கள் தப்பு. மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் தராதவரிடம் வேலையே கொடுக்காதீர்கள். பில்லை அன்றன்றே ஸ்கேன் செய்து வையுங்கள், மாதம் ஒருமுறை ஆடிட்டரிடம் காட்டுங்கள். அப்புறம், புதிதாக வருபவர்கள் மத்திய நிதிக்காக மட்டும் காத்திருக்க வேண்டாம். தமிழக அரசின் விதை நிதியான டான்சீட் இருக்கிறது. மற்றவர்களுக்கு 10 லட்சம் என்றால் பசுமைத் தொழில்நுட்பத்துக்கு 15. பதிலுக்குக் கம்பெனியில் சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என் அனுபவமா? நேர்காணல் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டேன்.

சாணக்கரைசல்:
நாள் நட்சத்திரம் எங்களையும் விடவில்லை. மாமனார் சொன்னார் என்று, ஒரு சாண எரிவாயுக் கலனும் கட்டுவதற்கு முன்பே தை மாதத்தில் கம்பெனியைப் பதிவு செய்தோம். இதே விதை நிதிக்குப் போனபோது அங்கிருந்த பையன் செல்போன் காலண்டரில் எண்ணிப் பார்த்துவிட்டு, "பதிவாகி இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்கணும், தாண்டி 19 நாள் ஆகிவிட்டது சார்" என்றான். சாணம் புளித்து வாயு நிலையாக வரவே வாரக்கணக்கில் ஆகும். ஆப் எழுதுகிறவனுக்கும் எங்களுக்கும் ஒரே இரண்டு வருடமாம்!

கயத்தாறு காற்று:
வரிப்பணம் என்றால் கேள்வி வரத்தான் செய்யும். அமெரிக்க சோலார் கம்பெனி சோலிண்ட்ராவை மறந்துவிட்டீர்களா? அந்நாட்டு எரிசக்தித் துறை 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது, கம்பெனி 2011இல் திவால்.

முருங்கைக்காரன்:
அதே துறைதான் 2010இல் டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது, 2013லேயே வட்டியோடு திரும்பி வந்தது. அதையும் சொல்லுங்கள். ஆடிட்டர் தம்பிக்கு: வருட வரவு 20 லட்சத்தைத் தொடாத கூலி வெல்டருக்கு ஜிஎஸ்டி பதிவே கட்டாயமில்லை. அவர் எங்கே போவார்? நடந்ததைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த பில்லை முகூர்த்த நாள் தாளாகப் பார்த்து எழுதித் தரவா தம்பி?"