‘30 நாளைக்குள்ள எப்ப வேணும்னாலும் திரும்பிக்கலாம்’னு சொன்ன அண்ணனுக்கு

குரோம்பேட்டை_குமரன், இரவு 8.41
போன வாரம் இன்னொரு திரியில மவுண்ட்ரோடு_மணி அண்ணன் அடிச்சு விட்டதை அப்படியே கீழ போடறேன்.

“விண்டோஸ் பத்துல இருந்து பதினொண்ணுக்கு மாற பேக்கப் எதுக்குப்பா? பழைய விண்டோஸ் சி டிரைவ்ல விண்டோஸ்.ஓல்டுனு ஒரு ஃபோல்டர்ல தானா உக்காந்துக்கும். புடிக்கலைன்னா 30 நாளைக்குள்ள எப்ப வேணும்னாலும் திரும்பிக்கலாம்.”

இதை எங்க மாமா படிச்சுத் தொலைச்சுட்டாரு. வரிக் கணக்கு ஃபைல் பண்ற ஆளு. பதினொண்ணு ஏத்தினதும் அவரோட டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை மெஷின் கண்டுக்கவே இல்ல. சரி, 30 நாள் இருக்கேன்னு சாவகாசமா 14-வது நாள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரினு போயிருக்காரு. ‘கோ பேக்’ பட்டன் மங்கிக் கிடக்கு. ஃபோல்டரையும் காணோம்.

ஏன்னா அது 30 நாள் இல்ல அண்ணே. 10 நாள். பத்து. இப்ப தினம் ராத்திரி மாமா எனக்குத்தான் போன் போடறாரு, உங்களுக்கு இல்ல.

மவுண்ட்ரோடு_மணி, இரவு 8.55
தம்பி, ரிச்சி தெருவுல 19 வருசமா ஸ்க்ரூடிரைவர் புடிக்கறேன். 2015 ஜூலையில விண்டோஸ் 10 வந்தப்ப ஏழுல இருந்து எத்தனை மெஷினை மாத்திக் குடுத்தேன்னு எனக்கே கணக்கு இல்ல. திரும்பிப் போக 30 நாள் டைம். கண்ணால பாத்தவன் சொல்றேன். நீ நெட்ல படிச்சதை எங்கிட்ட ஒப்பிக்காத.

குரோம்பேட்டை_குமரன், இரவு 8.58
2015-ல 30. 2016 ஆகஸ்ட்ல வந்த ஆனிவர்சரி அப்டேட்லயே அதை 10 ஆக்கிட்டாங்க. விண்டோஸ் 11-லயும் 10 தான். நீங்க இன்னும் 2015-லயே டீ குடிச்சிட்டு இருக்கீங்க.

மவுண்ட்ரோடு_மணி, இரவு 9.01
அப்போ 30 இருந்துச்சுனு ஒத்துக்கறல்ல? அதைத்தான் நானும் சொன்னேன்.

வேளச்சேரி_வாத்தி, இரவு 9.06
இருவரும் பொறுங்கள். ரோல்பேக் என்றால் என்ன, பேக்கப் என்றால் என்ன என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். விண்டோஸ்.ஓல்டு புதிய சிஸ்டம் இருக்கும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் போகும். எனவே அதை

மவுண்ட்ரோடு_மணி, இரவு 9.07
சார், கிளாஸ் அப்புறம் எடுங்க. 30-ஆ 10-ஆன்றதுதான் இப்ப மேட்டர்.

பெரம்பூர்_புதுசு, இரவு 9.15
வணக்கம், நான் இங்க புதுசு. போன சனிக்கிழமைக்கு முந்தின நாள் பதினொண்ணு போட்டேன். இன்னைக்கு 9-வது நாள். ஸ்கேனர் ஓடவே இல்ல. திரும்பிப் போனா நடுவுல எடுத்த போட்டோ, ஃபைல் எல்லாம் அழிஞ்சிடுமா?

லினக்ஸ்_லோகு, இரவு 9.18
அடுத்த சனிக்கிழமைக்குள்ள விண்டோஸைத் தூக்கிட்டு உபுண்டு லினக்ஸ் போடுங்க. கோ பேக்கும் வேண்டாம், கோ ஃபார்வர்டும் வேண்டாம். டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப் இருக்கா, எட்டாம் தலைமுறை பிராசஸரானு ஜாதகம் பாத்து உள்ள விடற சிஸ்டத்துக்கு எதுக்கு இவ்ளோ அடிதடி?

குரோம்பேட்டை_குமரன், இரவு 9.22
லோகு, உபுண்டு 22.04-ல இருந்து 24.04-க்குப் போயிட்டுப் புடிக்கலைன்னா திரும்ப என்ன பட்டன் இருக்கு? ஒண்ணும் கிடையாது. இங்க பத்து நாளாவது தர்றான்.

லினக்ஸ்_லோகு, இரவு 9.26
சிஸ்டத்தை நகல் எடுத்து வைக்கற டைம்ஷிஃப்ட்னு ஒண்ணு இருக்கு. மாறறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட், அஞ்சு நிமிசம்.

ராயப்பேட்டை_டிடிபி, இரவு 9.29
லோகு தம்பி, போன வருசம் உன் பேச்சைக் கேட்டு எங்க பையன் அந்த டைம்ஷிஃப்ட்டைத்தான் நம்பினான். சிஸ்டம் திரும்ப வந்துச்சு, ப்ராஜெக்ட் ஃபைல் வரல. அது நம்ம ஃபைல் இருக்கற ஹோம் ஃபோல்டரை தானா எடுக்காது, நாமதான் டிக் பண்ணணும்னு நீ சொல்லவே இல்ல.

லினக்ஸ்_லோகு, இரவு 9.31
அக்கா, முதல் தடவை திறக்கும்போதே அதை எழுதிக் காட்டும். படிக்கணும்.

ராயப்பேட்டை_டிடிபி, இரவு 9.33
ஆமாம்பா, தப்பு எங்களோடதுதான். என் பிரஸ்ல ஓரமா ஒரு எக்ஸ்பி மெஷின் இருக்கு. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல்லயே ஆதரவு நின்னு போச்சு. நெட் வயரை அன்னைக்குப் புடுங்கினதுதான், இன்னும் சொருகல. பக்கம் வடிவமைக்கற பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் ஃபான்ட், தை முகூர்த்தத்துக்கு நாப்பது பத்திரிகை. ஒரு அப்டேட்டும் வேணாம், கோ பேக்கும் வேணாம்.

வேளச்சேரி_வாத்தி, இரவு 9.40
அம்மா, தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடுக்கு ஆணை பிறப்பித்துவிட்டது. இன்னும் பழைய ஃபான்ட்டைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

ராயப்பேட்டை_டிடிபி, இரவு 9.44
சார், அரசாணை பேஜ்மேக்கருக்குத் தெரியாது. யூனிகோடுல அடிச்சதை அதுல ஒட்டினா கட்டம் கட்டமா வருது. 25 வருசத்துப் பத்திரிகை ஃபைல் எல்லாம் பழைய ஃபான்ட்ல கிடக்கு. “போன தடவை மூத்தவளுக்கு அடிச்ச மாதிரியே வேணும்”னு கஸ்டமர் வந்து நிப்பாங்க. நீங்க வந்து மாத்திக் குடுங்க, டீ வாங்கித் தர்றேன்.

மவுண்ட்ரோடு_மணி, இரவு 9.52
ஃபான்ட் சண்டையை வேற திரியில போடுங்க. குமரா, நான் 30-னு சொன்னதுல தப்பு எதுன்னு இன்னும் நீ காட்டல. 60 கூட வெச்சுக்கலாம், தெரியுமா உனக்கு? அட்மின் உரிமையில கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, டிஸ்ம் கட்டளையில ‘செட் ஓஎஸ் அன்இன்ஸ்டால் விண்டோ’க்கு மதிப்பு 60-னு குடுத்தா 60 நாள். 2-ல இருந்து 60 வரைக்கும் உன் இஷ்டம். 30-உம் அதுக்குள்ளதான வருது?

குரோம்பேட்டை_குமரன், இரவு 9.56
ஆஹா. இதை மொத திரியிலயே சொல்லியிருந்தா மாமா பொழைச்சிருப்பாரு. அந்தக் கட்டளையையும் பத்து நாள் முடியறதுக்குள்ள அடிக்கணும். முடிஞ்சப்புறம் அடிச்சா செத்தவன் வாயில பால் ஊத்தின கதைதான். நடுவுல எவனாவது டிஸ்க் கிளீனப்ல ‘முந்தைய விண்டோஸ்’ங்கறதை டிக் பண்ணிட்டா 60 இல்ல, ஆறு நாள்கூட இல்ல.

மவுண்ட்ரோடு_மணி, இரவு 10.04
எனக்கே பாடம் எடுக்கறியா? என் கடையில நான் செய்யறதைக் கேட்டுக்கோ. கஸ்டமர் மெஷின் வந்தா மொதல்ல புது எஸ்எஸ்டி. குளோன்சில்லா பென்டிரைவ்ல பூட் பண்ணி பழைய டிஸ்க்கை அச்சு அசலா புதுசுல எடுப்பேன். பழசைக் கழட்டி சாம்பல் கலர் ஆன்டிஸ்டாடிக் கவர்ல போட்டு, மேல மார்க்கர்ல ‘பழைய 10’னு எழுதி, தேதி போட்டு, கஸ்டமர் கையிலயே குடுத்துடுவேன். அப்புறம்தான் புதுசுல பதினொண்ணு ஏத்துவேன். சரியா வரலைன்னா பழசை மாட்டு, அஞ்சு நிமிசத்துல பழைய வீடு. ஒண்ணு மட்டும், ரெண்டு டிஸ்க்கையும் ஒரே நேரத்துல சொருகி விண்டோஸை ஆன் பண்ணாத. ரெண்டுக்கும் ஒரே அடையாள நம்பர், ஒண்ணை ஆஃப்லைன்ல தள்ளிடும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஓடுதுன்னா அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி வெச்சுட்டு ஆரம்பி.

குரோம்பேட்டை_குமரன், இரவு 10.07
அப்ப ஊருக்கு விண்டோஸ்.ஓல்டு, கடைக்கு குளோனா? “பேக்கப் எதுக்குப்பா”னு எழுதின அதே கை இல்ல இது?

மவுண்ட்ரோடு_மணி, இரவு 10.09
கஸ்டமர் காசு குடுக்கறான் தம்பி. இங்க ஓசியில கேக்கறவனுக்கு 30 நாள் போதும்.

குரோம்பேட்டை_குமரன், இரவு 10.10
10 நாள்.

மவுண்ட்ரோடு_மணி, இரவு 10.10
30.

பெரம்பூர்_புதுசு, இரவு 10.16
யாராவது சொல்லுங்களேன். போட்டோ அழியுமா?

வேளச்சேரி_வாத்தி, இரவு 10.20
அழியாது. உங்கள் சொந்தக் கோப்புகள் அப்படியே இருக்கும். பதினொன்று வந்தபின் புதிதாக நிறுவிய மென்பொருள்கள்தான் போகும். ஆனாலும் முக்கியமானவற்றை ஒரு பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டுச் செய்யுங்கள். நாளை வரை தள்ள வேண்டாம். இப்போதுகூட யாரும் என் வரையறையைக் கேட்கவில்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன்.

லினக்ஸ்_லோகு, இரவு 10.24
பத்துக்குத் திரும்பி என்ன பண்ணப் போறீங்க? 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு ஆதரவு முடிஞ்சாச்சு. வீட்டு மெஷினை நீட்டிப்புக்குப் பதிஞ்சாலும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். வாடகை வீட்டுக்கு வெள்ளை அடிக்கற வேலை.

ராயப்பேட்டை_டிடிபி, இரவு 10.27
என் எக்ஸ்பி சொந்த வீடு.

குரோம்பேட்டை_குமரன், இரவு 10.33
மணி அண்ணன் யோசனைன்னாலே எனக்கு ரெண்டு வருசம் முன்னாடி ஞாபகம் வருது. “மதர்போர்டுல இருக்கற பயாஸை அப்டேட் பண்ணு, ஒண்ணும் ஆகாது”ன்னாரு. 40 சதவீதத்துல கரண்ட் போச்சு. போர்டு செத்துச்சு. அந்த போர்டு இன்னும் பரண்லதான் கிடக்கு.

மவுண்ட்ரோடு_மணி, இரவு 10.36
கரண்ட்டை நானா கட் பண்ணேன்? யு.பி.எஸ் இருக்கானு கேட்டேன், இருக்குன்ன. பேட்டரி செத்த யு.பி.எஸ்-ஐ வெச்சுக்கிட்டு இருக்குன்னு சொன்னது யாரு?

குரோம்பேட்டை_குமரன், இரவு 10.38
நீங்க வித்த யு.பி.எஸ் தான் அண்ணே அது.

மவுண்ட்ரோடு_மணி, இரவு 10.39
பில் இருக்கா?

பெரம்பூர்_புதுசு, இரவு 11.02
கோ பேக் அமுத்திட்டேன், இதை போன்ல அடிக்கறேன். ‘உங்கள் முந்தைய பதிப்பை மீட்டெடுக்கிறோம்’கிற மாதிரி ஏதோ இங்கிலீஷ்ல சுத்திக்கிட்டே இருக்கு. எங்க தெருவுல இப்பதான் லைட் ஒரு தடவை மினுக்குச்சு. லேப்டாப் இல்ல, டெஸ்க்டாப். பயமா இருக்கு.

ராயப்பேட்டை_டிடிபி, இரவு 11.04
ஏசியை ஆஃப் பண்ணும்மா. சுவிட்சு கிட்ட யாரையும் விடாத.

மவுண்ட்ரோடு_மணி, இரவு 11.05
யு.பி.எஸ் இருக்கா?

குரோம்பேட்டை_குமரன், இரவு 11.05
கேக்கறது யாருன்னு பாருங்க.

மவுண்ட்ரோடு_மணி, இரவு 11.09
நீ மொதல்ல 30-க்கு பதில் சொல்லு.