மீட் ஏரி: குடிநீர், மின்சாரம், படகு ஆகியவற்றுள் எது முதலில் நிற்கும்?

பிடோக்வாசி:
வணக்கம். பணி நிமித்தமாக அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் சென்றிருந்தபோது, கொலராடோ ஆற்றை ஹூவர் அணை மறித்து உண்டான மீட் ஏரியைப் பார்த்தேன். நீர் இறங்கிய உயரமெல்லாம் பாறையில் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளைப் பட்டை. படகு இறக்கும் சரிவுப்பாதை ஒன்று வெடித்த சேற்றில் போய் முடிந்திருந்தது. வாரந்தோறும் சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தில் கயாக் ஓட்டும் எனக்கு அந்தக் காட்சி மனத்தைவிட்டு அகலவில்லை. வறட்சி நீடித்தால் இந்த மூன்று பயன்களுள் எது முதலில் நிற்கும்? மின்சாரத்துக்காகத் திறந்துவிடும் நீர் வீண்தானா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
விடையின் முதற்பகுதியை நீங்களே பார்த்துவிட்டீர்கள். கரை விலகியதும் படகுத்துறைதான் முதலில் நிற்கிறது. அடுத்தது மின்சாரம். டர்பைனின் திறனைத் தீர்மானிப்பது நீரின் அளவு மட்டுமன்று, அது விழும் உயரமும்தான் என்பதால், ஏரியில் நிறைய நீர் எஞ்சியிருக்கும்போதே உற்பத்தி குறையத் தொடங்கிவிடும். முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 374 மீட்டர். 2022 ஜூலையில் அது 317 மீட்டருக்கு இறங்கியது. 17 பெரிய டர்பைன்களுள் ஐந்தைத் தாழ்ந்த மட்டத்திலும் ஓடும்படி மாற்றியிருக்கிறார்கள். ஏறத்தாழ 273 மீட்டருக்குக் கீழே போனால், அணையைக் கடந்து ஆற்றில் நீர் இறங்கவே வழியில்லை.

திறந்துவிடும் நீர் வீணன்று. கலிஃபோர்னியா, அரிசோனா, மெக்சிகோ ஆகியவற்றின் வயல்களுக்கும் ஊர்களுக்கும் போகவேண்டிய நீரே வழியில் டர்பைனைச் சுழற்றிவிட்டுப் போகிறது.

ஜூரோங் வாசகி:
பொறியாளர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தன் நீரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இந்த ஏரியிலிருந்தே பெறும் லாஸ் வேகாஸ், 2015இல் ஏரியின் ஆழத்திலிருந்து நீரெடுக்கும் மூன்றாவது சுரங்கப்பாதையை இயக்கத் தொடங்கியது; அதற்கான நீரேற்று நிலையம் 2020இல் கட்டி முடிக்கப்பட்டு, 2022இல் இயங்கத் தொடங்கியது; ஆகவே அணையைத் தாண்டி நீர் போகாத நிலையிலும் அந்த நகரம் குடிநீர் எடுக்க முடியும். வீடுகளின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் ஏரியையே அடைகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நம் சிங்கப்பூரின் புதுநீரை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. புல்வெளிக்கு ஊற்றும் நீர்தான் திரும்புவதில்லை. அதனால்தான் பயனற்ற அலங்காரப் புல்லைத் தடைசெய்யும் சட்டம் லாஸ் வேகாஸ் அமைந்துள்ள நெவாடா மாநிலத்தில் 2021இல் வந்தது.

ஆயினும் நகரம் சிக்கனமாக இருந்து மட்டும் ஏரி நிரம்பாது. ஆற்றில் நீர் மிகுந்தோடிய ஆண்டுகளின் கணக்கை நம்பி, ஆற்றைப் பகிரும் மாநிலங்களின் 1922 ஒப்பந்தத்தில், ஆறு தரக்கூடியதைவிட அதிகமாகப் பங்கிட்டுவிட்டார்கள். அந்தப் பங்கில் பெரும்பகுதி பாசனத்துக்குப் போகிறது. பாலைவன வெயிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயர நீரை ஆவியாக்கிவிடுகிறது.